பாப்பாவை மாடலிங்கில் விடலாமா? ‘சரி’ சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க (நீண்ட இழை)

1/
“டாக்டர், பாப்பாவை ஒரு விளம்பரத்துக்குக் கேக்குறாங்க. அனுப்பலாமா?”

தடுப்பூசி போட வர்ற அம்மாக்கள் இப்ப அடிக்கடி கேக்குற கேள்வி இது. சில பேர் “ஷூட்டிங்குக்குப் போக ஃபிட்னஸ் எழுதிக் குடுங்க”ன்னு நேரா சர்டிஃபிகேட்டே கேக்குறாங்க. ஓபி வரிசை நீளமா நிக்கும்போது இதுக்கு முழுசா பதில் சொல்ல முடியறதில்ல. அதனால இங்க எழுதறேன்.

2/
முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். “அய்யய்யோ, அனுப்பவே அனுப்பாதீங்க” கட்சி இல்ல நான். குழந்தைங்க துணிக்கு, சோப்புக்கு, டயபருக்கு விளம்பரம் வரத்தான் செய்யும். அதுல யாரோ ஒரு வீட்டுக் குழந்தை இருக்கத்தான் செய்யும். முறையா நடத்துறவங்களும் இருக்காங்க.

ஆனா ஒரே ஒரு நிபந்தனை. எந்த நிமிஷத்துலயும் பிள்ளையைத் தூக்கிட்டு “போதும், நாங்க கிளம்பறோம்”னு வெளியே வர்ற சுதந்திரம் உங்க கையில இருக்கணும். அது இல்லாத எந்த வாய்ப்பும் வாய்ப்பு இல்ல.

3/
ஏன் இதை மட்டும் பிடிச்சுக்கறேன்னா, எட்டு மாசக் குழந்தைக்கு “எனக்கு வேணாம்”னு சொல்லத் தெரியாது. அழத்தான் தெரியும். நாலு வயசுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியும், ஆனா சுத்தி நிக்கிற பத்து பெரியவங்க கேக்க மாட்டாங்க. அந்த இடத்துல பிள்ளைக்காக “வேணாம்” சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கதான்.

உங்க வாயை அடைச்சுட்டா, பிள்ளையோட வாயையும் அடைச்ச மாதிரி. ஏமாத்துறவங்க செய்யறது எல்லாமே இந்த ஒரு வேலையைத்தான். எப்படின்னு பாக்கலாம்.

4/
முதல் வழி: பணம் கட்ட வைக்கிறது.

ஃபேஸ்புக்லயோ இன்ஸ்டாகிராம்லயோ நீங்க போட்ட பிறந்தநாள் போட்டோவுக்குக் கீழ ஒரு மெசேஜ் வரும். “செம்ம க்யூட்! எங்க கிட்ஸ் பிராண்டுக்கு மாடல் தேடறோம்.” அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ். அதைக் கட்டினா போர்ட்ஃபோலியோ ஷூட். அதைக் கட்டினா ஐடி கார்டு, ட்ரெயினிங், “செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் மட்டும்”. ஒவ்வொரு தொகையும் முந்தினதை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும்.

5/
வேலை குடுக்கிறவன்தான் சம்பளம் தருவான். வேலைக்குப் போறவன் காசு கட்ட மாட்டான். கொத்தனாருக்கும் இதான், ஐடி கம்பெனிக்கும் இதான், உங்க பாப்பாவுக்கும் இதான்.

நேர்மையான ஏஜென்சி, வேலை கிடைச்ச பிறகு வர்ற சம்பளத்துல கமிஷன் எடுத்துக்கும். முன்னாடியே கேக்காது. “போட்டோ நல்லா இருந்தாத்தான் செலக்ட் ஆகும், எங்க ஸ்டுடியோவுலதான் எடுக்கணும்”னு சொன்னா, அவங்க விக்கிறது போட்டோ. வேலை இல்ல. ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சத்துல போன்ல எடுத்த நாலு படமே முதல் தேர்வுக்குப் போதும். பிள்ளைங்க முகம் மூணு மாசத்துல மாறிடும். பெரிய ஆல்பம் போட்டு வெச்சு என்ன பண்றது?

6/
இன்னொரு வகை டெலிகிராம்ல நடக்குது. “குழந்தை மாடல் தேர்வு”ன்னு ஒரு க்ரூப்ல சேப்பாங்க. அங்க ஏற்கெனவே இருக்கிற “அம்மாக்கள்” எல்லாம் “எங்க பையன் செலக்ட் ஆயிட்டான்”னு போடுவாங்க. அவங்க எல்லாருமே அந்த கும்பல்தான். சின்னச் சின்ன டாஸ்க்: இந்தப் பொருளை வாங்குங்க, பணம் கமிஷனோட திரும்ப வரும். முதல் ரெண்டு தடவை நிஜமாவே திரும்ப வரும். மூணாவது தடவை பெரிய தொகை. அது வராது.

பணம் போயிருந்தா வெக்கப்பட்டுட்டு உக்காராதீங்க. உடனே 1930க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் கைமாறி மறையறதுக்கு முன்னாடி முடக்கி வைக்கிற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

7/
பணம் கட்டினா பணம் மட்டும் போறதில்ல. ரூ.15,000 கட்டிட்டு ஷூட்டுக்குப் போன அப்பா, பிள்ளை அழும்போது என்ன நினைப்பாரு? “இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இன்னும் அரை மணி நேரம்தானே, கொஞ்சம் அழட்டும்.”

நான் சொன்ன அந்த வெளியே வர்ற சுதந்திரம் அங்கேயே போயிடுது. வண்டி வாடகைக்குக் கடன் வாங்கிட்டுப் போறதும் இதே கதைதான். அட்வான்ஸ் வாங்கி செலவு பண்ணிட்டுப் போறதும் இதேதான்.

8/
ரெண்டாவது வழி: பிராண்ட் பேரு.

பெரிய பேரைச் சொன்னதும் நாம கேள்வி கேக்கிறதை நிறுத்திடறோம். அதனால பேரைச் சொன்னா, அந்த நிறுவனத்தோட அதிகாரபூர்வ இணையதளத்துல இருக்கிற நம்பருக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க. அவங்க குடுத்த நம்பருக்கு இல்ல. பத்து நிமிஷ வேலை.

9/
இதுல ஒரு டாக்டரா உங்களுக்கு ஒரு சுலபமான சோதனை சொல்லித் தரேன். “ஆறு மாச பாப்பா வேணும், பால் பவுடர் விளம்பரத்துக்கு”ன்னு யாராவது கேட்டா, கதவைச் சாத்திடுங்க.

இந்தியாவுல பால் பவுடர், பால் புட்டி, ரெண்டு வயசு வரைக்குமான குழந்தை உணவு, இந்த மூணுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது. 1992ல் வந்த சட்டம், 2003ல் இன்னும் இறுக்கினாங்க. பால் பவுடர் டப்பா மேல குழந்தை படம் போடவும் தடை. தாய்ப்பாலைக் காப்பாத்த வந்த சட்டம் இது. இல்லாத விளம்பரத்துக்கு ஆள் எடுக்கிறான்னா, அவன் ஒண்ணு ஏமாத்துறான், இல்ல சட்டத்தை மீறுறான்.

10/
மூணாவது வழி: “அம்மா வெளில வெயிட் பண்ணுங்க, நீங்க இருந்தா பாப்பா உங்களையே பாக்குது.”

இது பாதி உண்மை. அம்மா முகத்தைப் பாத்தா குழந்தை அந்தப் பக்கமே திரும்பும், சரி. அதுக்கு நீங்க கேமராவுக்குப் பின்னாடி நிக்கலாம். ஓரமா நிக்கலாம். ஆனா உங்க கண்ணு பிள்ளையைப் பாக்கிற இடத்துல இருக்கணும். கதவுக்கு வெளியே நிக்கிறது கிடையாது. கண்ணாடி அறையிலிருந்து மானிட்டர்ல பாக்கிறதும் கிடையாது.

உடை மாத்துறது நீங்க மட்டும்தான். மேக்கப் அறைக்கும் பாத்ரூமுக்கும் கூடப் போறதும் நீங்கதான். “எங்க அக்கா ஒருத்தர் பாத்துப்பாங்க”ன்னா, “பரவாயில்லைங்க, நானே பாத்துக்கறேன்”. சிரிச்சுக்கிட்டே சொல்லலாம், ஆனா விட்டுக் குடுக்கக் கூடாது.

11/
வாட்ஸப்ல படம் அனுப்பறது பத்தி. “உடம்பு அளவு பாக்கணும், ஜட்டியோட முன்னாடி பின்னாடி ஒரு போட்டோ அனுப்புங்க”ன்னு கேட்டா, அதோட பேச்சு முடிஞ்சது. அளவு தெரியணும்னா இஞ்ச் டேப்பு வெச்சு எடுத்து நம்பரை அனுப்பலாம். சட்டை சைஸ் சொல்லலாம். உடம்பு தெரியற படம் எதுக்கு?

திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், குழந்தைங்க உள்ளாடை நிஜமாவே தயாராகிற பொருள்தான், அதுக்குக் கேட்டலாக் போடறாங்க. அந்தத் துணியை விரிச்சு வெச்சு எடுக்கலாம், பொம்மைக்குப் போட்டு எடுக்கலாம். உங்க பிள்ளை வேணாம். உள்ளாடை, நீச்சல் உடை ரெண்டுக்கும் என் பதில் “இல்லை”தான்.

12/
பிள்ளையைப் பாலியல் நோக்கத்துல படம் எடுக்கிறது, அப்படிப்பட்ட படத்தை வெச்சிருக்கிறது, பரப்புறது எல்லாமே போக்சோ சட்டம் 2012ன் கீழ் குற்றம். 18 வயசுக்குக் கீழ ஆணா பெண்ணான்னு பேதம் இல்ல.

இப்படி ஏதாவது நடந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே போதும். 1098க்குக் கூப்பிடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. மெசேஜை அழிக்காதீங்க, அதான் சாட்சி. ஆஸ்பத்திரிக்கு வாங்க. எஃப்ஐஆர் இல்லாமலேயே பிள்ளைக்கு சிகிச்சை தரணும், இலவசமா தரணும். தகவல் தெரிஞ்சா போலீசுக்குச் சொல்றது எங்க சட்டக் கடமை. பிள்ளையோட பேரோ ஊரோ வெளியே வரக் கூடாதுங்கிறதும் சட்டம்தான்.

13/
இனி சட்டம் உங்க பக்கம் என்ன வெச்சிருக்குன்னு பாக்கலாம். நிறைய பேருக்கு இது தெரியாது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களை வேலைக்கு வைக்கிறதைத் தடை பண்ணுது. 2016 திருத்தத்துல, படம், சீரியல், விளம்பரத்துல நடிக்கிற குழந்தைக் கலைஞர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சும்மா இல்ல, நிபந்தனையோட. அந்த நிபந்தனைகளை 2017 விதிகள்ல எழுதி வெச்சிருக்காங்க.

14/
அதுல முக்கியமானது:

• ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வு இல்லாம 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
• தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது.
• படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியர்கிட்ட தயாரிப்பாளர் முன்அனுமதி வாங்கணும். யார் யார் குழந்தைகள், பெற்றோர் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பு யாருன்னு எழுதிக் குடுக்கணும்.
• அதிகபட்சம் 5 குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர்.
• படிப்பு கெடக் கூடாது.
• குழந்தையோட விருப்பத்துக்கு மாறா நடிக்க வைக்கக் கூடாது.
• வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல தேசிய வங்கியில் டெபாசிட்.

15/
“இது சும்மா துணிக்கடை ஸ்டில்லுதானே மேடம், இதுக்கெல்லாம் கலெக்டரா?”ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நீங்க கேக்க வேண்டியது ஒரே கேள்வி: “ஆட்சியர் அனுமதி வாங்கியிருக்கீங்களா? ஒரு காப்பி வாட்ஸப் பண்றீங்களா?”

முறையா நடத்துறவங்க இந்தக் கேள்விக்குக் கோவப்பட மாட்டாங்க. கோவப்படறவங்க யாருன்னு உங்களுக்கு அங்கேயே தெரிஞ்சிடும்.

16/
ராத்திரி ஷூட் பத்தியும் கேக்கிறாங்க. 14லிருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களையே இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் வேலை வாங்கக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. அப்படின்னா மூணு வயசுப் பிள்ளையை ராத்திரி பத்து மணிக்கு லைட்டு முன்னாடி நிறுத்தறதுக்கு என்ன நியாயம்?

தூக்கக் கணக்கு (உலக சுகாதார நிறுவனம் சொல்றது, பகல் தூக்கமும் சேத்து): 4–11 மாசம்: 12–16 மணி நேரம். 1–2 வயசு: 11–14. 3–4 வயசு: 10–13. பிள்ளை தூங்கற நேரத்தை முதல்ல குறிச்சுக்குங்க. மிச்ச நேரத்துலதான் ஷூட்டிங்.

17/
பச்சைக் குழந்தைங்க. தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையம் 2022ல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல்ல, 3 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தையை நடிக்க வைக்கவே கூடாதுன்னு இருக்கு. தாய்ப்பால், தடுப்பூசி விழிப்புணர்வுக்கு மட்டும்தான் விலக்கு. நானும் அதையேதான் சொல்வேன். தடுப்பூசி ஒழுங்கா ஆரம்பிக்கிறதே ஆறாவது வாரத்துல. அதுக்குள்ள இருபது பேர் கை மாறித் தூக்க வேண்டிய அவசியம் என்ன?

18/
மாடலிங் இல்லாட்டியும், இப்ப “நியூபார்ன் ஷூட்” எல்லா ஊருலயும் வந்தாச்சு. கூடைக்குள்ள, வாளிக்குள்ள, கையில தாடையைத் தாங்கின மாதிரி தவளை போஸ்ல தூங்கற பாப்பா படம் பாத்திருப்பீங்க. அந்த தவளை போஸ் முறையா எடுக்கப்படும்போது ரெண்டு மூணு படத்தை ஒட்டினது. ஒவ்வொரு படத்துலயும் ஒருத்தர் குழந்தையோட தலையைப் பிடிச்சிருப்பாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல கையை அழிப்பாங்க.

அது தெரியாம ஒரே ஷாட்ல எடுக்கப் பாத்தா, கழுத்து நிக்காத குழந்தைக்குத் தாடை நெஞ்சுல இடிச்சு மூச்சுக்குழாய் அடைபடும். குழந்தை சத்தம் போடாது. நிறம் மாறும், அவ்வளவுதான். பாப்பா மல்லாக்கப் படுத்திருக்கிற படமே அழகாத்தான் இருக்கும்.

19/
இப்ப நான் ரொம்ப வருத்தத்தோட எழுதற விஷயம். பிள்ளை ஷூட்டுல தூங்கணும்னு சளி மருந்து குடுக்கிறது.

நம்ம ஊர்ல விக்கிற பல சளி சிரப்புல குளோர்பெனிரமின் இருக்கும். அது தூக்கம் வர வைக்கும். அதுவும் ஃபினைல்எஃப்ரினும் சேந்த கலவையை 4 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பர்ல உத்தரவே போட்டிருக்காரு. சளி இருக்கிற குழந்தைக்கே இந்தத் தடை. சளியே இல்லாத குழந்தைக்கு, படத்துக்காகக் குடுத்தா? “ரெண்டு சொட்டு போதும்”னு செட்டுல யாராவது பாட்டில நீட்டினா, அன்னிக்கே கிளம்பிடுங்க.

20/
காய்ச்சலோட போறது அடுத்தது. ஒரு தடவை ஒன்றரை வயசுப் பையனை ராத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டு வந்தாங்க. காலையிலேயே காய்ச்சல். பாரசிட்டமால் குடுத்து காய்ச்சல் இறங்கினதும் ஷூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கம்பளி ட்ரெஸ், மேல சுடற லைட்டு, சரியா தண்ணி குடிக்கல. சாயந்திரம் துவண்டு போயிட்டான். ஐவி போட்டு, மறுநாள் சிரிச்சான். நல்லபடியா வீட்டுக்குப் போனான்.

அந்த அம்மா சொன்னது: “வரலைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்கன்னு சொன்னாங்க சார்.” ஏழாவது பதிவுல சொன்னது இதைத்தான்.

21/
செட்டுக்குப் போறவங்களுக்கு ஒரு டாக்டர் பட்டியல்:

• தடுப்பூசி போட்ட அன்னிக்கும் மறுநாளும் ஷூட் வேணாம். காய்ச்சல் வரலாம்.
• ஆறு மாசத்துக்குக் கீழ தாய்ப்பால் மட்டும். “வெக்கையா இருக்கு”ன்னு தண்ணி குடுக்காதீங்க, அடிக்கடி பால் குடுங்க. அதுக்கு மறைவான இடம் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க.
• பெரிய பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடும் தண்ணியும் நீங்களே கொண்டு போங்க.
• மாத்துத் துணி, தெரிஞ்ச பொம்மை ஒண்ணு.
• சின்ன மணி, பட்டன் பேட்டரி, காத்து போன பலூன் எதுவும் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில அடைக்கிறது இதெல்லாம்தான்.

22/
மேக்கப். குழந்தைத் தோல் மெல்லிசு, பூசறது உள்ளே போகும். ஒரே பிரஷ்ஷை அஞ்சு குழந்தைக்குப் போட்டா, மெட்ராஸ் ஐயும் தோல் புண்ணும் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகும். கண்ணுக்குள்ள மை வேணாம், சில மையில ஈயம் இருக்கு. முகத்துல கிளிட்டர் தூவ வேணாம், கண்ணுல விழுந்தா கருவிழி கீறும். தலை சீவறதுக்கு உங்க வீட்டுச் சீப்பு. இதெல்லாம் கேட்டா “ஓவரா பண்றாங்க”ன்னு சொல்லுவாங்க. பரவாயில்ல.

23/
இதைத் தனியா எழுதணும். கலர்.

“நல்ல கலரான பாப்பா வேணும்” – தமிழ்நாட்டுல விக்கிற துணிக்குத் தமிழ்நாட்டுல ஆள் எடுக்கிற மெசேஜ்ல இப்படி வருது. ரெண்டு தடவை “செட் ஆகல”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு, ஒரு அம்மா மெடிக்கல்ல வாங்கின க்ரீமை மூணு வயசுப் பொண்ணு முகத்துல ரெண்டு மாசமா தடவியிருந்தாங்க. ஸ்டீராய்டு க்ரீம். கன்னமெல்லாம் செவந்து, ரத்தக்குழாய் தெரியுது, பூனை முடி வேற.

அந்தப் பிள்ளைக்கு எந்த வியாதியும் இல்ல. அவங்க அம்மா மாதிரியே மாநிறம், அவ்வளவுதான்.

24/
எந்த விளம்பரத்துக்காகவும் பிள்ளையோட நிறத்தை மாத்தப் பாக்காதீங்க. “இன்னும் கொஞ்சம் சப்பியா இருந்தா நல்லாருக்கும்”னு சொன்னாங்கன்னு திணிச்சு ஊட்டாதீங்க. ஒரு பிள்ளையை “செட் ஆகல”ன்னு சொல்லும்போது அது பிள்ளை காதுல விழாம பாத்துக்குங்க. மூணு வயசுக்கு மேல எல்லாம் புரியும். தேர்வுக்குப் போறதையே “ஒரு இடத்துக்குப் போய் போட்டோ எடுத்துட்டு வரலாம்”னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. ஜெயிச்சியா தோத்தியான்னு ஒண்ணு அங்க இருக்க வேணாம்.

25/
பணம் யாருது? ஜாக்கி கூகன்னு ஒரு பையன். 1921ல் சாப்ளினோட ‘தி கிட்’ படத்துல நடிச்சவன். அந்தக் காலத்துலயே லட்சக்கணக்கான டாலர் சம்பாதிச்சான். வளந்து பெரியவனாகிப் பாத்தா, அம்மாவும் வளர்ப்பு அப்பாவும் பெரும்பகுதியைச் செலவு பண்ணியாச்சு. 1938ல் கேஸ் போட்டான். கிடைச்சது கொஞ்சம்தான். அந்த அதிர்ச்சியிலதான் 1939ல் கலிஃபோர்னியாவுல குழந்தை நடிகர்களோட வருமானத்தைக் காப்பாத்தச் சட்டம் வந்துச்சு. இன்னிக்கும் அவன் பேர்லயே சொல்றாங்க.

நம்ம விதி சொல்ற 20 சதவீதம் குறைந்தபட்சம்தான். என் கருத்து: போக்குவரத்துச் செலவு போக மீதி முழுசும் பிள்ளை கணக்குக்குப் போகட்டும்.

26/
“சொல்றது ஈஸி டாக்டர், எங்க நிலைமை உங்களுக்குத் தெரியாது”ன்னு சொல்லலாம். தெரியும். அரசு ஆஸ்பத்திரியில தினமும் பாக்கிறேன். பிள்ளை சம்பாதிச்ச ரூ.3,000 அந்த மாசத்து மளிகையைக் காப்பாத்தும்னா, அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல.

ஆனா ஒண்ணு யோசிங்க. வீட்டு வாடகையே பிள்ளையோட சிரிப்பை நம்பி இருந்தா, அந்தப் பிள்ளை அழும்போது “போதும்”னு யாரால சொல்ல முடியும்? கைச்செலவுக்கு உதவற பணமா இருக்கட்டும். குடும்பம் அதை நம்பி நிக்க வேணாம்.

27/
எழுத்துல வாங்குங்க. வாய்ப்பேச்சு போதாது. ரெண்டு பக்கத் தாள் போதும். அதுல இருக்க வேண்டியது: எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எந்தத் தேதிக்குள்ள. படம் எங்கெங்க வரும் (கேட்டலாக்கா, ஹோர்டிங்கா, இன்ஸ்டாவா). எத்தனை வருஷத்துக்கு. வேற கம்பெனிக்கு விக்கலாமா, ஏஐ வெச்சு பிள்ளை முகத்துல புதுப் படம் உருவாக்கலாமா – ரெண்டுக்கும் “கூடாது”ன்னு தெளிவா. பிள்ளைக்கு முடியலைன்னா அபராதம் இல்லாம நிறுத்தலாம்னு ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அதை எழுத மாட்டேன்னு சொல்றவங்க, பிள்ளை அழுதா விட மாட்டேன்னு இப்பவே சொல்றாங்க.

28/
நீங்களே நடத்துற இன்ஸ்டா பக்கமும் மாடலிங்தான். யாரும் கூப்பிடாமலே பிள்ளை பேர்ல பக்கம் ஆரம்பிச்சு, ட்ரெஸ் கம்பெனியை டேக் பண்றோம். 2024ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், அம்மாக்கள் நடத்துற சிறுமிகளோட இன்ஸ்டா பக்கங்களை ஆராய்ஞ்சு எழுதினாங்க. அந்தப் பக்கங்களைப் பின்தொடர்ற கூட்டத்துல, பிள்ளைங்க மேல தப்பான எண்ணம் உள்ள ஆம்பளைங்க நிறைய.

கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கே கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெக்கிற ஊர் நாம. முகம் தெரியாத பத்தாயிரம் பேருக்குப் பொட்டு இல்லாம காட்டறோம்.

29/
பக்கம் வெச்சே ஆகணும்னா: குளிக்கிற, உடை மாத்துற, தூங்கற படம் வேணாம். ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு வாசல், வேன் நம்பர் வேணாம். பிறந்த தேதி வேணாம். எங்க இருக்கோம்னு அங்க இருக்கும்போதே போடாதீங்க, வீட்டுக்கு வந்து போடுங்க. தெரியாத ஆள் மெசேஜை மூடி வைங்க. யார் படத்தை சேமிச்சு வைக்கிறாங்கன்னு பேர் தெரியாது, ஆனா எத்தனை பேர்ங்கிற எண்ணிக்கை தெரியும். சாதாரணப் படத்துக்கு அது திடீர்னு ஏறினா, படத்தை எடுத்துடுங்க.

30/
பிள்ளை “வேணாம்” சொல்றதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கைக்குழந்தை முகத்தைத் திருப்பும், கண்ணைத் தேய்க்கும், முதுகை வில்லா வளைக்கும், விரலை விரிக்கும். அழுகை கடைசியில வரும். ரெண்டு மூணு வயசு உங்க காலைக் கட்டிக்கும், “ஊச்சா வருது”ன்னு பத்து தடவை சொல்லும். அஞ்சாறு வயசு ஷூட்டுக்கு முந்தின நாள் வயித்து வலின்னு சொல்லும். பரிசோதிச்சா ஒண்ணும் இருக்காது. அது பொய் இல்ல, நிஜமாவே வலிக்கும். பயம் வயித்துல வலியா வரும்.

இதைப் பாத்தா நிறுத்துங்க. பத்து நிமிஷம் தோள்ல போட்டு நடங்க. மறுபடியும் அதேன்னா, வீட்டுக்கு.

31/
என்கிட்ட சர்டிஃபிகேட் கேட்டு வர்றவங்களுக்கும் இதுதான் பதில். இன்னிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல, எடை சரியா இருக்கு, தடுப்பூசி போட்டாச்சுன்னு நான் எழுதித் தரலாம். “நாளைக்கு அஞ்சு மணி நேரம் லைட்டு முன்னாடி நிக்கிறதுக்கு இந்தப் பிள்ளைக்கு இஷ்டம்”னு எந்த டாக்டராலயும் எழுத முடியாது. அதை அங்க நின்னு பாத்து முடிவு பண்ண வேண்டியது நீங்கதான்.

32/
சுருக்கமா, போன்ல சேமிச்சு வெச்சுக்க:

• பணம் கட்டாதீங்க.
• நிறுவனத்தை நீங்களே விசாரிங்க. ஆட்சியர் அனுமதி கேளுங்க.
• பிள்ளை கண்பார்வையில இருக்கணும். உடை நீங்க மட்டும்.
• 5 மணி நேரம், ராத்திரி இல்ல, காய்ச்சல்ல இல்ல, தூங்க மருந்து இல்லவே இல்ல.
• எழுத்துல ஒப்பந்தம். பணம் பிள்ளை கணக்குல.
• பணம் ஏமாந்தா 1930. பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098.

33/
உங்க வீட்டு க்ரூப்ல, அப்பார்ட்மென்ட் க்ரூப்ல, சின்னக் குழந்தை இருக்கிற யாராவது கண்டிப்பா இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு தடவை அனுப்பி விடுங்க. அந்த “செம்ம க்யூட்” மெசேஜ் அவங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி இது போய்ச் சேந்தா நல்லது.